பெண்கள் பக்கத்துப் படங்கள்

எங்கள் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். பெண்கள் பக்கம் அப்படியில்லை. அங்கே எல்லாரும் பர்தாவைக் கழற்றிவிட்டு இருப்பார்கள். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை அந்தப் பக்கம் கெமராவோடு போகிற பெண்கள் குறைவு. அதில் ஒருத்தி நான். வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கிக் கூடையில் போட்டுவிடுவேன். மாப்பிள்ளையின் உம்மாவே வந்தாலும் விடமாட்டேன். "இவ என்ன, செக்பொயின்டுல நிக்கிற மாதிரி நிக்கிறா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மெமரி காட்டையே கல்யாண வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வெறும் கெமராவோடு வீடு திரும்புகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால்தான் வேலை வந்தது.

கண்டக்குழிப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு முன்பே என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ராத்தா, என்ட மொகம் ஊருக்குப் போகக் கூடா. அதுக்கு வாக்குத் தந்தா எடுங்க. இல்லாட்டி உம்மா அழுதாலும் எனக்குப் படம் வேணாம்."

"வல்லாஹி, போகாது" என்று சத்தியம் செய்தேன்.

பெண்ணுக்குச் சாரி கட்டிச் சோடிக்க அவர்கள் ஆள் தேடியபோது என் தங்கச்சியைச் சொன்னதும் நான்தான். அவள் அந்த வேலையைப் பழகி முடித்து, கூப்பிட ஆளில்லாமல் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம்.

கல்யாணத்தன்று காலையில் அவள் மட்டும் போனைக் கொடுக்கவில்லை. "சாரி மடிப்புக்கு மாதிரிப் படம் இதுலதான் ஈக்கி, ராத்தா" என்றாள். கூடப் பிறந்தவளின் கைப்பையைப் போய்ச் சோதிக்கவா முடியும்? சரி என்று விட்டுவிட்டேன்.

அன்று எனக்குக் கை நன்றாக ஓடியது. மருதாணி சிவந்த விரல்கள், பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்த உம்மா, எல்லாம் எடுத்தேன். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து ஒலிபெருக்கியில் துஆ கேட்டபோது பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அதுதான் அன்றைய படங்களில் எனக்குப் பிடித்தது. மாப்பிள்ளை தாலி கட்ட உள்ளே வந்ததும் பெண்கள் அவசரமாகத் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். அந்த மனிதருக்குக் கொக்கியைப் பூட்டத் தெரியவில்லை. ஒரு பெரியம்மா, "கடல்ல வலை பின்னுற கைதானே, இத மாட்டத் தெரியாதா?" என்று கேட்க, பெண்ணே சிரித்துவிட்டாள். கடைசிச் சஹன் தட்டில் ஆறு பேர் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிட்டதையும் எடுத்து, காட்டைக் கழற்றிப் பெண்ணின் உம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தங்கச்சியோடு வந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் பெண்ணும் உம்மாவும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். தங்கச்சி உள்ளே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். உம்மா போனை நீட்டினார். முக்காடில்லாமல், முடி தெரிய, அந்தப் பெண். படம் வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி மாப்பிள்ளையின் போனுக்கே வந்திருந்தது.

"மெமரி காட்டத் தந்துட்டு கொப்பி வச்சிக்கிட்டீங்களா?" என்று உம்மா கேட்டார்.

அப்போது தங்கச்சி, மிக மெதுவான குரலில், "ராத்தா, கம்பியூட்டர்ல ஏதும் ஏத்தினீங்களா? நல்லா யோசிச்சிப் பாருங்க" என்றாள். அவள் சொன்ன விதத்தில், ஏற்றித்தான் விட்டேனோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணுக்குப் பின்னால் அலுமாரிக் கண்ணாடியில் நான் தெரிந்தேன். கெமரா கழுத்தில் தொங்க, குனிந்து அவளுடைய சாரிக் கரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த அறையில் தங்கச்சியைத் தவிர வேறு யாரிடமும் போன் இருக்கவில்லை.

போனைத் தங்கச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கோப்பைக்குள் பார்த்தாள். "இன்னொரு கல்யாண வீட்டுக்கு மாதிரிக்குத்தான் அனுப்பின. அவங்க பரப்புவாங்கண்டு நான் கண்டேனா?"

படத்தை அனுப்பியதைக்கூட வேலை கிடைக்கிற ஆசை என்று பொறுத்திருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே, என் வீட்டில் உட்கார்ந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, நல்லா யோசிச்சிப் பாருங்க என்றாளே, அதை எப்படிப் பொறுப்பது? இன்றைக்கும் அவளோடு எனக்குக் கதை பேச்சு இல்லை.

பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்து மாப்புக் கேட்டார். பெண்ணும் அப்படித்தான் ஏதாவது சொல்லுவாள் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"நீங்க எடுக்கல்ல, சரி" என்றாள். "ஆனா ராத்தா, நான் அவவ நம்பியா முக்காட்டக் கழட்டின? ஒங்கள நம்பித்தானே."