கடலுக்கு ஒரு பிடி

கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து உணவுக் கழிவைக் கடலில் விடலாம். இது என் கருத்து அல்ல. கடல் மாசுபடுவதைத் தடுக்க உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் விதி. பிளாஸ்டிக் கூடாது, சோறு ஆகும். அத்தனை பயணிகள் மிச்சம் வைத்ததையும் கப்பல் தன் வயிற்றிலிருந்து கொட்டலாம் என்றால், என் சம்பந்தி தன் கையால் மீன்குழம்புச் சோற்றில் ஒரு பிடி அள்ளிப் போட்டது எப்படிக் குற்றமாகும் என்று கப்பல் நிறுவனத்திடம் நான் கேட்டேன். விழுப்புரத்தில் அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டேன்: பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன்.

அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. குப்பையை எறிகிற வீச்சு அல்ல அது. உள்ளங்கை மேலே பார்க்க, இலையில் அமர்ந்திருப்பவருக்குப் பரிமாறுவதுபோல் கையை நீட்டி, விரல்களை மெல்லத் திறந்தார். சோறு காற்றில் கொஞ்சம் சிதறி, கீழே நுரையில் காணாமல் போயிற்று.

சம்பந்தி மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அவர் மகளும் என் மகனும் ஒரே கல்லூரியில் பொறியியல் படித்தார்கள்; மீதியை அவர்களே முடிவு செய்துவிட்டு எங்களிடம் தகவலாகச் சொன்னார்கள். திண்டிவனத்தில் என் பங்காளிகள் சிலர் கல்யாணத்துக்கு வராமல் தங்கள் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. சம்பந்தி உரக்கப் பேசுவார், பேரம் பேசாமல் தீப்பெட்டி கூட வாங்கமாட்டார், தன் மகளைத் தனியாளாக வளர்த்தார். மனைவி போன பிறகு மறுமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்திருந்தால், அவருக்குச் சாதகமாக நான் எழுதுவதைக் கேட்டுச் சிரித்திருப்பார். "நீங்க பொறக்கும்போதே ரூல்ஸ் புக்கோட பொறந்தீங்களா சம்மந்தி?" என்று கேட்கிறவர் அவர்.

மகன் குடும்பம் மெல்போர்னில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலை ஒட்டி வருவார்கள். அந்த முறை திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் அலைவதற்குப் பதில் எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று, சென்னையிலிருந்து இலங்கைவரை போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் இடம் போட்டான். பாண்டிச்சேரி பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கும் என் மனைவி வரவில்லை. ஆக மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி, மூன்று வயதுப் பேரன், இரண்டு தாத்தாக்கள். பேத்தி எங்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். நான் திண்டிவனம் தாத்தா. அவர் கடல் தாத்தா.

கடல் தாத்தாவுக்குக் கப்பலில் முதல் நாளே ஏமாற்றம். மேல்தளம்வரை லிஃப்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "எங்க சம்மந்தி கடலு? லாட்ஜில ரூம் எடுத்துக்கினு வந்தாப்புல இருக்குது. ஒரு சொட்டு தண்ணி மேல படல."

ஆனால் அந்தக் கப்பலில் உண்மையான சோதனை சாப்பாட்டுக் கூடம்தான். குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு முதல் பந்தி. மேசைக்கு எண், மடித்த வெள்ளைத் துணி, குழந்தைகளுக்கு உயரமான நாற்காலி, அவர்களுக்கென்று தனி உணவு அட்டை. அட்டையின் பின்பக்கம் வண்ணம் தீட்ட ஒரு திமிங்கிலம். சூப் வரும். பிறகு எதுவும் வராது. அந்த இடைவெளியில் பேத்தி திமிங்கிலத்தை முடித்துவிட்டு மேசை விரிப்பில் ஆரம்பிப்பாள். பேரன் நாற்காலியிலிருந்து நழுவி, மேசைக்கடியில் ஊர்ந்து, பக்கத்து மேசைக்காரரின் ஷூ லேஸை அவிழ்ப்பான். பொரித்த கோழித் துண்டுகள் ஒருவழியாக வந்து சேரும்போது இருவரும் வாயைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். மகன் கைப்பேசியை கெட்சப் பாட்டிலில் சாய்த்து வைத்துக் கார்ட்டூன் போடுவான். மருமகள் முள்கரண்டியை நீட்டியபடி இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று கெஞ்சுவாள். சுற்றியிருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள். மகன் அந்தப் பார்வைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் ஐஸ்கிரீமில் உயிர் வாழ்ந்தார்கள்.

இரண்டாம் மாலை, சூப்புக்கும் கோழிக்கும் நடுவில், சம்பந்தி எழுந்தார். "பசங்க பசியில கெடக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா துன்னுட்டு வாங்க" என்று மகளிடம் சொல்லி, ஆளுக்கொரு கையாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். சோறு தேடிப் போகிறவரை நம்பி நானும் பின்னால் போனேன்.

மேல்தளத்தின் பின்கோடியில் திறந்தவெளி பஃபே. அங்கே சோறு இருந்தது, மீன்குழம்பு என்று சொல்லிக்கொண்ட ஒன்றும் இருந்தது. கம்பித் தடுப்பை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்தார். முள் எடுத்தார். பேத்தி வாயைத் திறந்தாள். ஆனால் முதல் பிடி அவளுக்குப் போகவில்லை. நான் முதலில் சொன்னேனே, அந்தக் கை நீண்டது.

ஏன் தாத்தா என்று கேட்டாள். படகில் சோறு பிரித்தால் முதல் பிடி கடலுக்கு. அவர் அப்பாவும் அப்படித்தான். அதை அவர் அவளுக்கு விளக்கிய விதம் இது: "நாம அது மேல குந்திக்கினு அதுக்குக் குடுக்காம துன்னா அது பாத்துக்கினே இருக்காதா?" இரண்டு நாளாகத் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்த சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அது உடனே புரிந்தது. தானும் போட வேண்டும் என்றாள். தடுப்பின் கீழ்ப்பகுதி கண்ணாடி, மேலே கைப்பிடி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. அவள் நுனிக்காலில் நின்று போட்டாள். பேரனுக்கு எட்டவில்லை. சம்பந்தி தடுப்பின் பக்கத்தில் மண்டியிட்டு, அவனைத் தன் தொடைமேல் நிறுத்தி, இடது கையால் இடுப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டார். பையனின் கை மட்டும் இடைவெளி வழியாக வெளியே போயிற்று. அவன் தலை கைப்பிடிக்குக் கீழே இருந்தது. இதை மட்டும் நான் பலமுறை எழுதியிருப்பதால், இப்போது எழுதும்போதும் கை மனுவின் நடையிலேயே போகிறது.

கடலுக்கு ஒரு வாய், பையனுக்கு ஒரு வாய். கடலுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. தட்டு காலியாயிற்று. பேரன் இன்னும் என்றான். அந்தப் பயணத்தில் அந்தச் சொல்லை ஒரு குழந்தையின் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான்.

பாதுகாப்பு அலுவலர்கள் இரண்டு பேர் வந்து, மிகுந்த மரியாதையோடு எங்களைக் கீழே அழைத்துப் போனார்கள். எதையும் கடலில் எறியக் கூடாது என்பது பயணச்சீட்டின் நிபந்தனை. அதை மீறியது சரி. எச்சரிக்கலாம், அபராதம் போடலாம். ஆனால் அவர்கள் கணினியில் நிரப்பிய படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது: குழந்தைக்கு ஆபத்து ஏற்படுத்தப்பட்டதா? கேமராவில் தூரத்திலிருந்து பார்த்தவர், தாத்தா பையனைக் கைப்பிடிக்கு மேல் தூக்கினார் என்று சொல்லியிருக்கிறார். இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன். நேரில் கண்டவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த பிறகே முடிவெழுத வேண்டும் என்பது எந்த விசாரணைக்கும் பாலபாடம். அந்த இளைஞர் தலையை ஆட்டினார், தட்டச்சு செய்யவில்லை. குழந்தையின் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டுமாம். பெற்றோர் அப்போதுதான் காபி முடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அடுத்த துறைமுகத்தில் குடும்பத்தோடு இறக்கிவிடவும் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அலுவலர் சொன்னார். என் மகன் என்னைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், பிறகு ஆங்கிலத்தில், மாமாவுக்கு வயதாகிவிட்டது, கொஞ்சநாளாக ஞாபக மறதி, என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிவதில்லை என்றான். அலுவலர் முகம் மலர்ந்தது. படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. மருமகள் குனிந்து பையனின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது.

"தம்பி இன்னா சொல்றாரு?" என்று சம்பந்தி என்னிடம் கேட்டார். சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

"எனக்கா மறதி?" என்றார். "பொண்ணு கேக்க எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாரே, அன்னிக்குப் போட்டிருந்த சட்டை இன்னா கலருன்னு கேளுங்க, சொல்றேன். வேர்த்து முதுகுல ஒட்டிக்கினு இருந்துச்சி."

யாரும் கேட்கவில்லை. மகன் கையெழுத்துப் போட்டான். திரும்பும்வரை அவர் திறந்த தளங்களுக்குப் போகக் கூடாது, குழந்தைகளோடு தனியாக இருக்கக் கூடாது, சாப்பாடு அறைக்கே வரும். வந்தது; வெண்ணெய் தடவிய ரொட்டி. நான் என் தட்டையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டேன். அவர் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து, திறக்க முடியாத வட்டக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தார். கூடத்தில் பேத்தி கோழித் துண்டில் பாதியைப் பிய்த்துத் தரையில் போட்டு, இது கடலுக்கு என்றாளாம். மகன் அவள் கையில் ஒரு அடி வைத்தானாம். இதை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

ஊர் திரும்பிய பிறகும் அது முடியவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு வருகையிலும் பிள்ளைகள் மரக்காணத்தில் தாத்தாவோடு தங்குவார்கள். இனி வேண்டாம் என்றான் மகன். நான் பார்த்ததைச் சொன்னேன். "அப்பா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ரெக்கார்டுல வேற மாதிரி இருக்குது" என்றான். ரெக்கார்டு எப்படி உருவாகிறது என்பதை வாழ்நாள் முழுக்க அருகிலிருந்து பார்த்தவனிடம் என் மகன் சொன்ன வாக்கியம் அது. அப்படியானால் ரெக்கார்டு மாறினால்? "மாத்தி எழுதிக் குடுக்கட்டும். நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்" என்றான்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கப்பல் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மனு. கோரிக்கை ஒன்றே ஒன்று: கேமராப் பதிவை மறுபடி பார்த்து, குழந்தை கைப்பிடிக்கு மேல் தூக்கப்பட்டதா என்று எழுத்தில் சொல்லுங்கள். கடல் விதியை மேற்கோளாக மட்டும் சேர்த்தேன். ஒப்புகை அட்டை வந்தது. தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நினைவூட்டல் அனுப்பினேன், அதே மின்னஞ்சல் வந்தது. மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று கேட்டேன். குறைதீர்ப்பு அலுவலரைக் கேட்கச் சொன்னார்கள். இந்த வித்தைகளை எல்லாம் நான் அறிவேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் புதிது. மாதத்துக்கு ஒருமுறை மரக்காணம் பஸ் ஏறிப் போய்ச் சம்பந்தியிடம் நிலவரம் சொல்வேன். மனுவில் அவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் என்ன எழுதினேன் என்று முழுக்கக் கேட்பார். பையனின் தலை கைப்பிடிக்குக் கீழே இருந்தது என்ற இடம் வரும்போது, "ஆங், அத நல்லா அழுத்தி எழுதுங்க" என்பார்.

இரண்டு ஆண்டு கழித்துப் பொங்கலுக்கு அவர்கள் வந்தபோதும் பதில் வரவில்லை. மரக்காணத்துக்குப் பகலில் போய் வரலாம் என்று முடிவாயிற்று, காரில் எல்லாருமாக. நெடுஞ்சாலை ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரோடு போனோம். சம்பந்தி திண்டிவனம் கடைத்தெருவில் இரண்டு சின்ன எவர்சில்வர் தட்டு வாங்கி, கழுவி, கவிழ்த்து வைத்திருந்தார். வஞ்சிரம் வறுத்திருந்தார். பிள்ளைங்க சாப்பிட்டாச்சி மாமா என்றான் மகன். அவர் தட்டுகளை நிமிர்த்தவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பேரனுக்குக் கப்பல் நினைவில்லை, வாங்கிக் கடித்தான். பேத்திக்கு ஏழு வயதாகியிருந்தது. அவள் முறுக்கில் ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மணலில் இறங்கி அலையை நோக்கி நடந்தாள்.

என் மகன் அல்ல, மருமகள்தான் கூப்பிட்டாள், ஆங்கிலத்தில், வேண்டாம், திரும்பி வா என்று. அந்தக் குப்பத்தில் பிறந்து, அப்பா படகில் முதல் பிடி போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். பேத்தி நின்றாள். துண்டை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். சம்பந்தி முறுக்குப் பொட்டலத்தை நூல் சுற்றிக் கட்டினார். ஒரு பொட்டலம் கட்ட அவ்வளவு நூல் தேவையில்லை.

பதினெட்டாம் தேதி அவர்கள் விமானம் ஏறினார்கள். மறுநாள் பதில் வந்தது. கேமராப் பதிவு மறுஆய்வு செய்யப்பட்டது, குழந்தை எந்த நேரத்திலும் கைப்பிடிக்கு மேல் தூக்கப்படவில்லை, பயணியின் மனநிலை குறித்த பதிவு நீக்கப்படுகிறது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், அடுத்த பயணத்தில் குழந்தைகளுக்கு உணவு இலவசம். கடல் விதியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: உணவுக் கழிவைக் கடலில் சேர்க்கும் உரிமை கப்பலுக்கு மட்டுமே உரியது, பயணிக்கு அல்ல. மகனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அன்று பிற்பகலே மரக்காணம் போனேன். சம்பந்தி வாசலில் வலைமேல் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் படித்தேன். கைப்பிடி வந்த இடத்தில் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். சோறு போட்டார், கவிழ்த்து வைத்திருந்த சின்னத் தட்டுகளில் ஒன்றில் எனக்கு, மற்றதில் அவருக்கு. முதல் பிடியை எடுத்துக்கொண்டு அலைவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் தூக்கலன்னு கம்பெனிக்காரனே சொல்லிட்டான் சம்மந்தி," என்றார். "எம் பொண்ணு வாயால சொல்லலியே."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அது என்னிடம்தான் இருக்கிறது. மேல் மூலையில், அலுவலகப் பழக்கத்தில், பெற்ற தேதியைக் குறித்து என் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன்: ஜனவரி பத்தொன்பது.