பவுடர் பஃப்பைக் கடித்த எலி

கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பெட்டி கட்டியவர் அவர். அவர் கட்டி அனுப்பியதில் உடைந்தது மொத்தம் ஆறு டம்ளர். அந்த ஆறும் லாரி கவிழ்ந்த அன்று. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் டி.வி. ரிமோட்டுக்கு உறை, குடைக்கு உறை, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் ஓர் உறை. தெருவில் அவருக்கு உறைக்காரர் என்றே பெயர். இந்த வீட்டில் உறை போடாமல் நடமாடுவது தான் ஒருத்திதான் என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

அந்த அம்மாள் ஐம்பத்துமூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு பழைய கார் வாங்கினார்கள். வாங்கிய அன்று உறைக்காரர் காருக்குள் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது இருக்கைகளுக்கு பிளாஸ்டிக் தாள் போட்டாகிவிட்டது. தூசி போகக்கூடிய துளை ஒன்று விடாமல் அடைத்தாகிவிட்டது. போனுக்கு சார்ஜ் ஏற்றும் யு.எஸ்.பி. துளைக்கு மட்டும் அளவாக ஏதும் கிடைக்காமல் வீட்டுக்குள் போய்த் தேடி, மெத்தென்ற ஒரு துண்டைக் கொண்டுவந்து செருகினார்.

அதே வாரம் மனைவியின் ரோஸ் நிற பவுடர் பஃப்பில் ஒரு மூலை காணாமல் போயிருந்தது. எலியாக இருக்கும் என்றார் உறைக்காரர். சொன்னதோடு நிற்காமல் ஒரு பொறியும் வாங்கிவந்து அலமாரிக்குப் பின்னால் வைத்தார். ஐந்து மாதமாக ஓர் எலியும் விழவில்லை. கெட்டிக்கார எலி என்று அதற்கும் அவரே விளக்கம் சொன்னார்.

போன மாதம் அம்மாளுக்கு வேலை கிடைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நாலு பேரைக் காலையில் மருத்துவமனையில் விட்டு, முடிந்ததும் வீட்டில் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் முடியும். முடிந்ததும் போன் செய்வார்கள். அந்தப் போன் உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு. வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை உறைக்காரர் தானாகவே போய், இடுக்கியால் அந்தத் துண்டை எடுத்துவிட்டார். எடுத்ததை ஒரு பொட்டலத்தில் போட்டு, 'கார், முன்பக்கத் துளை' என்று எழுதியும் வைத்தார். வைத்ததைவிடக் கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தது. சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாளிலிருந்தே காரில் சார்ஜ் ஏறவில்லை. வழி காட்டி, பேசி, மதியம் பன்னிரண்டுக்குள் போன் படுத்துவிடும். மகன் வாங்கி அனுப்பிய பவர் பேங்க் நினைவுக்கு வந்தது. உறைக்காரர் அதை மூன்று சுற்றுக் காகிதத்தில் பத்திரமாக வைத்திருந்தார். எட்டு மாதப் பத்திரத்தில் அது உப்பிச் செத்துப் போயிருந்தது.

புதன்கிழமை விஷயம் முற்றியது. நாலு பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற வாத்தியார், போன் கிடைக்காமல் மருத்துவமனை வாசல் பெஞ்சில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேனம்மா என்று மரியாதையாகச் சொன்னார். வாத்தியார் போனால் மற்ற மூவரும் பின்னாலேயே போவார்கள். அன்று வீட்டுக்கு வந்த அம்மாள் கார் சாவியை ஆணியில் மாட்டவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உறைக்காரரைக் கேலி செய்யாத நாள் அவர் நினைவில் அது ஒன்றுதான். அது அவரைச் சுட்டது.

வியாழக்கிழமை காலை, அம்மாளுக்குச் சவாரி இல்லாத நாள், ஏழே காலுக்கு அவர் வேலையில் இறங்கினார். மூன்று கேபிள் மாற்றினார். தன் போனைச் செருகிப் பார்த்தார். ஃபியூஸ் பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பூதக்கண்ணாடியில் படித்து, பதினைந்து ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து, அது நன்றாக இருந்தும் புதிது போட்டார். பேட்டரி முனைகளைத் துடைத்தார். காரை விற்றவனைக் கூப்பிட்டு இருபது நிமிடம் திட்டினார். மூன்று கேபிளும் துளைக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதை ஸ்கேலால் அளந்துகூடப் பார்த்தார். பார்த்துவிட்டு, மூன்றையும் செய்தவர்களுக்கு அளவு தெரியவில்லை என்று முடிவு கட்டினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது இதுதான்.

பதினொன்றரை மணிக்கு அம்மாளே காரை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போனார். உறைக்காரரும் கூடப் போனார். கடைக்காரர் டெஸ்டரைக்கூடத் தொடவில்லை. கேபிளைச் செருகிப் பார்த்தார், தலையைச் சாய்த்தார்.

"முழுசா உள்ள உட்காரலையேக்கா. உள்ள என்னமோ இருக்கு."

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, ஒரு மரக்குச்சியால் மெதுவாகக் கிளறினார். அழுந்தி அழுந்திக் கட்டியாகிப்போன ஒரு துணுக்கு வெளியே வந்தது. ரோஸ் நிறம்.

"இதப் போய் யாரு இதுக்குள்ள திணிச்சாங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

உறைக்காரர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தை எழுத்து எழுத்தாகப் படித்தார். அம்மாள் அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வாங்கி, விரலால் நீவி விரித்து, வெகுநேரம் பார்த்தார்.

"எலி கார்லயும் ஏறிடுச்சு போல" என்றார்.

 வீடு வரும்வரை போனில் சார்ஜ் ஏறிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை உறைக்காரருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டே கால் ஆனது. வாத்தியார் கூப்பிட்டாரா, போன் எடுத்ததா என்று கேட்கலாம் என்றால், கேட்கப்போய்த் தானே லைனை அடைத்துவிடுவோமோ என்ற பயம். பன்னிரண்டு நாற்பதுக்கு அம்மாளே கூப்பிட்டார். வாத்தியார் போன் செய்த ஏழாவது நிமிடம் வாசலில் போய் நின்றாராம். இப்போதுதான் அவரை வீட்டில் இறக்கினாராம். அடுத்த மாதத்துக்கும் நீயே வந்துவிடம்மா என்றாராம். போனில் இன்னும் எண்பத்தொரு சதவீதம் இருக்கிறதாம்.

உறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பத்தொரு வருடத்தில் தன்மேல் குற்றம் எழுதிக்கொள்ள வேண்டி வந்ததில்லை. 

"அந்த எலி நான்தான்மா."

"தெரியும். பஃப்பப் பார்த்த அன்னிக்கே தெரியும். எந்த எலிங்க கத்திரிக்கோல் வெச்சு நேர்கோட்டுல கடிக்குது?"

"அப்ப அஞ்சு மாசமா ஏன் சொல்லல?"

"பொறிக்குத் தினம் எண்ணெய் போட்டுட்டிருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

 பொறியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிடட்டுமா என்று கேட்டார் உறைக்காரர்.

"அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும்" என்றார் அம்மாள். "எலி இன்னும் வீட்டுலதான இருக்கு."

அன்று மாலை அவர் கடைக்குப் போய்ப் புது பஃப் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. அம்மாள் பஃப்பை எடுத்துக்கொண்டு, அவர் கண்ணெதிரே டப்பாவைக் குப்பையில் போட்டார். உறைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஒரு தடவை குப்பைக்கூடைப் பக்கம் போய், பாதி வழியில் திரும்பி வந்தது.