உத்தரவு கேளாமல் துள்ளிய பாதம்

மண்டூர் வட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கூலியாட்களுக்குச் சமமாக நானும் புல் பிடுங்குவேன் என்று வீம்பு பேசி, ஒரு பகல் முழுக்க அங்கே குந்தியிருந்தேன். மறுநாள் வலது பாதம் மேலே எழ மறுத்தது. நடந்தால் செருப்புக் கழன்று பின்னால் கிடந்தது.

புத்தகம் படிக்கிறவனுக்குச் சாதாரண வியாதி வராது. தசைகள் ஒவ்வொன்றாக ஓயும் கொடிய நோய்தான் என்று இரண்டே நாளில் முடிவுகட்டி, மட்டக்களப்பில் நரம்பு டொக்டரிடம் போனேன். அறிகுறிகளைப் பாடம்போல ஒப்புவித்தேன். வயலை மட்டும் சொல்லவில்லை.

"குந்தியிருந்து புல்லுப் புடுங்கினதயும் சொல்லுங்களன்," என்றாள் கூட வந்த மனைவி. "எழும்பேக்க ரெண்டு பேர் புடிச்சுத் தூக்கினவங்க, டொக்டர்."

டொக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே சிறு மின்சாரம் கொடுத்தார். செத்துவிட்டதென்று நான் நினைத்த பாதம் விசுக்கென்று மேலே துள்ளியது.

"பாத்தீங்களா சேர்? இங்கயிருந்து நரம்பு செய்தியக் கொண்டு போகுது. நுனியில அது கசிய விடுற இரசாயனத்த வாங்கித் தசை சுருங்குது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குந்தினதில இதுக்குக் கொஞ்சம் மேல, முழங்காலுக்குப் பக்கத்தில நரம்பு நசிஞ்சதால மூளை சொல்லுறது கீழ போகயில்ல. கொஞ்ச வாரத்தில சரியாகும். இனிக் குந்தாதீங்க."

"இன்னொருக்கா அடிங்க டொக்டர்," என்றேன்.

தேவையில்லை என்று சொல்லிவிட்டு, அடித்தும் காட்டினார். பாதம் மறுபடி துள்ளியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக அவளும் பயந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.