முறிந்த படியும் மிச்சமிருந்த இரண்டு பங்களாக்களும்

எண்பதுகளில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். உடன் வேலை பார்த்த மல்லிகாவுக்குப் பழைய மரப்படிக்கட்டு என்றால் உயிர். அவளுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நான்கு பழைய பங்களாக்களைப் பார்க்கத் திட்டம் போட்டேன்.

இரண்டாவது பங்களா காலியாகத் திறந்து கிடந்தது. யாரையும் கேட்காமல் ஏறினோம். பாதி வழியில் படி முறிந்து, மல்லிகாவின் கால் உள்ளே போய்விட்டது. அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். நல்லவேளை, சிராய்ப்போடு தப்பினாள்.

காவலாளி ஓடிவந்தார். "கரையான் அரிச்ச படிம்மா! பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? வூட்டுக்குப் போங்க!"

"கேக்காம ஏறுனது எங்க தப்புதாங்க. பொம்பளையா வந்தது தப்பில்ல" என்றேன்.

மல்லிகா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு இருக்குதில்ல, நட" என்றாள். அன்றே இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

இப்போதும் போகிறோம். ஆனால், காவலாளியிடம் கேட்டு, ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்த பிறகே காலை வைக்கிறேன்.

- ஓசூர் வாசகி