திருப்பி ஓட்டிப் பார்க்காத பெட்டி

கடல்காரன் வீட்டில பிறந்துபோட்டுக் கடலில வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிற ஆளை எங்கையும் கண்டிருக்கிறியளோ? மயிலிட்டிச் சிவகரன் அப்பிடி ஒருத்தன். பதினெட்டு வயசில அண்ணன் சுபாஸோடை வள்ளத்தில ஏறினவன், கரை கண்ணில இருந்து மறைய முன்னமே தொடங்கி, வலையெல்லாம் சத்தி எடுத்து நாறடிச்சுப்போட்டான். வெறும் வாயை மெல்லுற சனத்துக்கு அவல் கிடைச்ச மாதிரிப் போச்சு. "சத்திக்கரன்" எண்டு பட்டம் வைச்சாங்கள். சுபாஸ் மட்டும் ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லேல்லை. "அவனுக்கு மண்டையில இருக்கிறது உங்களுக்கு எங்கையடா இருக்கு? போங்கோ அங்காலை!" எண்டு துரத்துவான்.

அண்ணன் சொன்னது பிழைக்கேல்லை. சண்டையால இடம்பெயர்ந்த சனம் ஊருக்குத் திரும்பி வந்து நாலைஞ்சு வருசத்தால மீன்பிடிச் சங்கக் கந்தோருக்கு ஒரு பெட்டி வந்தது. கம்பசில படிச்ச கஜானன் செய்து குடுத்தது. அவன் இப்ப நோர்வேயில. வள்ளத்துக்கு ஒண்டாய், கழுத்தில கொழுவுற சின்ன மிசின், அதில ஒரு சிவப்புப் பொத்தான். கடலில ஆபத்தெண்டு அதை அமத்தினால் கந்தோர்க் கூரையில சைரன் அலறும், திரையில வள்ளத்தின்ரை நம்பரும் அது நிக்கிற இடமும் விழும். அந்தப் பெட்டிக்குக் காவல் சிவகரன். நாப்பத்திரண்டு வள்ளத்தையும் கதிரையில இருந்தே காக்கிறவன் எண்டு பேரெடுத்தான். இரண்டு தரம் சைரன் அடிச்சு நாலு உயிர் கரைக்கு வந்தது. அதுக்குப் பிறகு அந்தப் பட்டத்தைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் எழும்பேல்லை.

பெட்டி ஓடுறது லினக்ஸில. மாசம் ஒருக்கா இன்ரநெற்றால புதுசு ஏத்த வேணும். கஜானன் போகமுன்னம் ஒரு கொப்பியில எல்லாம் எழுதி மேசை லாச்சிக்குள்ள வைச்சிட்டுப் போனவன். முதல் பக்கத்திலயே, "புதுசு ஏத்தினால் உடனே நிப்பாட்டித் திருப்பி ஓட்டிப் பார்க்கவும். எல்.டி.டி. கட்டளை போட்டு ஏதும் கோப்பு குறையுதோ எண்டு பார்க்கவும்" எண்டு அடிக்கோடு கீறி எழுதியிருந்தான். ஒவ்வொரு மாசமும் சிவகரன் அப்பிடியே செய்தவன்.

கார்த்திகை மாசத்து வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு ஏத்தத் தொடங்கினது, சனியன் இன்ரநெற் ஊர்ந்து ஊர்ந்து, முடிய பத்து நாப்பதாச்சு. நிப்பாட்டுவம் எண்டு கையை வைக்க, சங்கத் தலைவர் நமசிவாயம் வாசலில நிண்டு கத்தினார்.

"டேய், டேய்! ராகுகாலம் தொடங்கி பத்து நிமிசம். இப்ப நிப்பாட்டித் திருப்பி ஓட்டாதை. ராகுகாலத்தில வள்ளமே தள்ளுறேல்லை, உயிர் காக்கிற சாமானைத் தொடங்கலாமோ? பன்ரண்டு கழியட்டும்."

"ஓம் அண்ணை, பிறகு பாக்கிறன்" எண்டான் சிவகரன். அவனுக்கும் உள்ளுக்குள்ள அந்தப் பயம் இருந்ததுதான். திரையில நாப்பத்திரண்டு வள்ளத்தின்ரை நம்பரும் வழமைபோல நிண்டது. பன்ரண்டு மணிக்குக் கோயில் பூசை, பிறகு சாப்பாடு, பிறகு ஒரு கண் நித்திரை. பெட்டிதான் ஓடுதே எண்ட நினைப்பில மறந்தே போனான்.

அதுதான் அந்தப் பெட்டியின்ரை பொல்லாத்தனம். இந்த மிசினுகளில ஒவ்வொரு புரோகிராமும் எல்லாத்தையும் தன்னோடை வைச்சிருக்கிறேல்லை. நூலகக் கோப்பு எண்டு பொதுவாய்க் கிடக்கும், வேண்டியது எடுத்துப் பாவிக்கும். கோயிலில எல்லாருக்கும் பொதுவாய்க் கிடக்கிற சமையல் கிடாரம் மாதிரி எண்டு வையுங்கோவன். புதுசு ஏத்தேக்கை பழைய கிடாரத்தைக் கழிச்சுப்போட்டு வேறை அளவில ஒண்டு வந்திட்டுது. பழசை ஏற்கெனவே அடுப்பில ஏத்திச் சமைக்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. இறக்கிவைச்சுப்போட்டு அடுத்த சமையலுக்குப் போய்க் கேட்டால்தான் இல்லையெண்டு தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலமை எட்டு மணிக்குக் கரண்ட் போச்சு. பெட்டியின்ரை பற்றரி அரை மணித்தியாலம் இழுத்துப் பிடிச்சுப்போட்டு விட்டிட்டுது. ஒன்பதுக்குக் கரண்ட் வர, பெட்டி தானாய் எழும்பிப் பச்சை லைற் எரிஞ்சுது. சைரன் புரோகிராம் எழும்பேல்லை. கரண்டை மிச்சம் பிடிக்கவெண்டு திரையை அணைச்சு வைக்கிற வழக்கம், அதால ஒருத்தரும் காணேல்லை. சிவகரன் பச்சை லைற்றைப் பார்த்தான், பெட்டி நல்லாய்த்தான் இருக்கெண்டு பிளேன்ரீயை ஊத்திக்கொண்டு அதுக்குப் பக்கத்திலயே இருந்தான்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய சுபாஸின்ரை பதினேழாம் நம்பர் வள்ளம் பன்ரண்டாகியும் வரேல்லை. வாடைக்காத்து எழும்பியிருந்தது. சுபாஸின்ரை மனிசி உதயகலா கந்தோர் வாசலுக்கு வந்தா.

"தம்பி, அவர் அமத்தினவரோ?"

"இல்லை அண்ணி. அமத்தியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். எஞ்சின் பழுதாய்ப் போயிருக்கும், எங்கையும் கரையில ஒதுங்கியிருப்பார். பயப்பிடாதையுங்கோ."

நமசிவாயமும் அதையே சொன்னார். பொத்தான் அமத்தேல்லை, அப்ப ஆபத்தில்லை. அந்த நம்பிக்கையில அண்டைக்கு ஒரு வள்ளத்தையும் தேட அனுப்பேல்லை. முந்தியெண்டால், பெட்டி வராத காலத்தில, ஒரு மணித்தியாலம் பிந்தினாலே பத்து வள்ளம் இறங்கியிருக்கும்.

புதன்கிழமை விடிஞ்சும் ஆளில்லையெண்ட பிறகுதான் தேடப் போனவை. ஒன்பது மணிபோல ரெலிபோன் வந்தது. வள்ளம் கவிண்டு கிடக்கு, ஆளைக் காணேல்லை. நமசிவாயம் தலையில கையை வைச்சுக்கொண்டு வாங்கில இருந்திட்டார்.

"அவன் ஏனடா அமத்தேல்லை? கழுத்திலதானே கொழுவியிருந்தவன்?"

அந்தக் கேள்வியோடை சிவகரன் எழும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போனான். திரையைப் போட்டான். ஒரு நம்பரும் இல்லை, வெறும் கறுப்பு. கொப்பியில இருந்த எல்.டி.டி. கட்டளையைப் போட்டான். இருபத்தைஞ்சு வரி வந்தது. இருபத்திநாலு சரி. ஒரேயொரு வரியில மட்டும் அந்தக் கோப்பு இல்லையெண்டு நிண்டது. வெள்ளிக்கிழமை ஒரு நிமிசம் செலவழிச்சிருந்தால் கண்டிருக்கக்கூடிய வரி. "ஐயோ, அறுவான் நான், என்ன வேலை செய்துபோட்டன்!" எண்டு நெஞ்சில அடிச்சான். நமசிவாயத்துக்கு ஒண்டும் விளங்கேல்லை.

பழைய கோப்பைத் திருப்பி இறக்கிப்போட ஆறு நிமிசம் போச்சு. புரோகிராமை ஓட்டினான்.

உடனே கூரையில சைரன் அலறிச்சுது.

ஊரே அதிர்ந்துது. உதயகலா தலைமயிர் அவிண்டு விழ, வெறுங்காலோடை ஓடி வந்தா. பின்னால சனம்.

"அமத்துறார் தம்பி! உங்கடை அண்ணை அமத்துறார்! வள்ளம் கவிண்டாலும் அவர் எங்கையோ நீந்திக்கொண்டு நிக்கிறார். அம்மாளாச்சி கைவிடேல்லை! அந்த இடத்தைச் சொல்லுங்கோ, கெதியாய்ச் சொல்லுங்கோ!"

நமசிவாயம் ரெலிபோனை எடுத்திட்டார். சிவகரன் திரையைப் பார்த்தான். பதினேழாம் நம்பர். செவ்வாய்க்கிழமை, ஒன்பது ஐம்பத்திரண்டு. அதுக்குக் கீழ ஒன்பது ஐம்பத்தைஞ்சு. பத்து மூண்டு. கடலில இருந்து வந்த சமிக்ஞையளை வாங்குற கருவி எல்லாத்தையும் பத்திரமாய்ச் சேர்த்து வைச்சிருந்திருக்கு, எடுத்துப் பார்க்கிற புரோகிராம்தான் இல்லை. கடைசி வரி பதினொண்டு இருபது. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. எண்ணினான், பதினாலு. சைரன் ஒவ்வொண்டுக்கும் ஒருக்கா அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணி" எண்டான். "இது இப்ப அமத்தினதில்லை. நேற்று அமத்தினது."

உதயகலாவின்ரை முகத்தில இருந்த சிரிப்பு உடனே போகேல்லை. விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நேற்று நான் வந்து கேக்க, அமத்தேல்லையெண்டு நீங்கள்தானே தம்பி சொன்னியள்?"

"பதினாலு தரம் அமத்தினவர், அண்ணி" எண்டான் சிவகரன். "நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான்."