குருவி போட்ட டம்ளர்கள்

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கட்டை விரலில் தட்டுப்படும் அந்தச் சிறகு. வெளிப்பக்கம் இறகு இறகாக மேடு தட்டியிருக்கும், உள்ளே விரலை விட்டால் வழவழவென்று ஒன்றுமே இருக்காது. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஒன்று ஓடும், அச்சு சேர்ந்த இடம் அது. வெயிலுக்கு நேரே பிடித்தால் லேசான பச்சை, நடுவே கடுகளவு காற்றுக் குமிழி. இத்தனையும் இருந்தால் பழைய கண்ணாடி டம்ளர். சாயத்தால் குருவி வரைந்து வருகிறதே, அது நேற்றைய சரக்கு. செங்கத்துப் பழைய சாமான் கடைக்காரர் நான் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இன்னா ஆயா, டம்ளருக்கு நாடி பாக்குறியா" என்பார். பதில் சொல்லக் கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டு வருவேன்.

நெல்லிவாசல் பக்கம் எங்கள் ஊர். புளி உலுக்கும் பருவத்தில் வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய், கூடையில் வைக்கோல் பரப்பி அதற்குள் கண்ணாடிச் சாமான்களைப் புதைத்துக்கொண்டு மலையேறி வருவார். கொட்டை எடுத்த புளியைப் போட்டு வாங்க வேண்டும். அம்மா வருஷத்துக்கு ஒன்றாக நாலு டம்ளர் சேர்த்திருந்தாள். நாலிலும் நாலு விதக் குருவி; எங்களுக்குப் பறவை எல்லாமே குருவிதான். மயிலும் கிளியும் யாருக்கும் தெரியும். மூன்றாவது மரங்கொத்தி என்று அக்காவும் நானும் முடிவு கட்டினோம். நாலாவது குண்டாக, கழுத்தே இல்லாமல் இருந்தது. அதற்குத்தான் பெயர் நிற்கவில்லை. காட்டில் இருப்பதைத்தானே கண்ணாடியிலும் போட்டிருப்பான் என்பது எங்கள் நினைப்பு. எந்த ஊர்க்காரன் எந்தக் குருவியை நினைத்து அச்சு வெட்டினானோ, அன்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஊரில் எந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தாலும் அந்த நாலு டம்ளரும் அங்கே போகும். தூக்கிக்கொண்டு போவது நான். ஓட மாட்டேன், வாயாட மாட்டேன், அதனால் என் கையில் கொடுப்பார்கள். சூடாக ஊற்றுவதற்கு முன் வெந்நீரில் "நனச்சி" எடுக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். அதையும் நான்தான் செய்வேன், ஒரு நாளும் தவறியதில்லை.

எங்கள் வீட்டுக்கே, அக்காவைக் கேட்டு, தை மாதத்துக் காலையில் வந்தார்கள். அந்தப் பையனைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்தே அக்காவுக்குப் பிடிக்கும், அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவளுடைய படபடப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊற்றுத் தண்ணீரில் கழுவிய குளிரோடு, அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லக் காப்பியை அப்படியே ஊற்றிவிட்டேன். மூன்று தாங்கின. குண்டுக் குருவி டம்ளரைப் பையனின் அப்பா கையில் வாங்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். அடி கழன்று காப்பி முழுவதும் அவர் வேட்டியில்.

பல்லி சொன்னதற்கே எழுந்து போனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இங்கே உடைந்தது கண்ணாடி. கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

பையனின் அப்பா கையில் மிஞ்சியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குருவி முழுசாக இருந்தது. "இது இன்னா, காடையா?" என்றார். பேச்சு மாறினால் போதும் என்றோ, நிஜமாகவேயோ, எங்கள் அப்பா "கௌதாரிங்க" என்றார். வந்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணி வைத்து நான் பிடிக்காத காடையா என்று அவர், கௌதாரி முட்டையிடுவதே என் கொல்லையில்தான் என்று அப்பா. குரல் ஏறிக்கொண்டே போனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"காடைதாங்க மாமா. வால் இல்ல பாருங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். "பெரியவள இன்னும் குடுக்கவே இல்ல, சின்னது இப்பவே அந்தப் பக்கம் சாஞ்சிடிச்சி" என்றார். முதலில் சிரித்தது பையனின் அம்மாதான். "டம்ளர் போனா போவுதுங்க, வேட்டியத் தொவச்சிக்கலாம். பரிசம் பேசுங்க" என்றாள். வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

தேடித் தேடிச் சேர்த்ததில் என்னிடம் இப்போது ஒன்பது டம்ளர் இருக்கின்றன. பெண் கேட்டு வருகிறவர்கள் வண்டியில் வந்து இறங்கி, காகித டம்ளரில் கலர் குடித்துவிட்டு அதை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். விடியலில் மேட்டுக் கொல்லையிலிருந்து வரும் கௌதாரிச் சத்தத்தையும் காணோம். அக்கா போன மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

அதற்கு முந்தின மாதம் வந்திருந்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தபடியே, "அன்னிக்கி எனக்காவப் பேசுன. ஒனக்கு இன்னா வேணும்னு எப்பவாச்சும் வாயத் தொறந்து கேட்டிருக்கியாடி?" என்றாள். அவள் துடைத்து வைத்ததை நான் மறுபடியும் துடைத்தேன். சாயங்கால பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு அவள் வாசல் இறங்கியபோதுதான் வாய் வந்தது.

"இன்னிக்கி இரு அக்கா. நாளைக்கிப் போவலாம்."

பையைக் கீழே வைத்தாள். ரெண்டு நாள் இருந்தாள்.