காற்று இறக்கிய சக்கரம்

லாரியிலிருந்து உருண்ட இரும்புக் குழாய் என் ரூம்காரனின் காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றி அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன்.

அரபு நாட்டில், லிவாவுக்குத் தெற்கே எண்ணெய் தேடும் கேம்ப் அது. ரோடு கிடையாது. ஆஸ்பத்திரிக்குச் சின்ன விமானம்தான். பாலைவனத்தைச் சுரண்டிச் சமன் செய்த பாதையில் அது இறங்கும். முக்கால்வாசி கூரான சரளை. கடைசியில் கொஞ்சம் மணல்.

பிக்கப்பில் படுத்துக்கொண்டு அவன் சொன்னான்: "புது பூட்ஸ்டே. ஒண்ண நீ எடுத்துக்க."

"வாய மூடிட்டு கெட."

விமானம் இறங்கியது. மணலுக்கு அகலமான, மெத்தென்ற டயர் போடுவார்கள். சரளையில் அது கிழியும். அதனால் வெள்ளைக்கார பைலட் தடித்த டயரைப் போட்டு, காற்றை இறுக்கி அடித்து வந்திருந்தான். ஆளைப் படுக்கவைக்க உள்ளே சீட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஃபோர்மேன் நாகர்கோவில்காரர். சக்கரத்தருகே குந்தினார்.

"இந்த டயரு மணல்ல பொதைஞ்சிரும்டே."

சாவி நுனியால் வால்வை அழுத்தினார். காற்று சீறியது. மணலில் வண்டி இறக்கும் முன் எல்லாரும் செய்வதுதான். யாரும் தடுக்கவில்லை. மறு சக்கரத்திலும் இறக்கினார்.

ரூம்காரனை ஏற்றினோம். இன்ஜின் உறுமியது. பைலட் பிரேக்கைப் பிடித்துத் திருப்பினான். காற்றில்லாத டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றியது. உள்ளே டியூபின் வால்வு பிய்ந்தது. விமானம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. உள்ளே அவன் அலறினான்.

பைலட் குதித்து வந்து சக்கரத்தைப் பார்த்தான். வால்வு மூடி ஃபோர்மேன் கையிலேயே இருந்தது. வாயில் ஒரு குத்து. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி இன்னொன்று. எங்கள் ஆட்கள் பைலட்டின் கழுத்தைப் பிடித்தார்கள்.

ஃபோர்மேன் பல்லைத் துப்பினார். "விடுங்கலே அவன. டயரக் கழத்துங்க."

விமானத்தில் மாற்று டியூப் ஒன்று இருந்தது. இறக்கைக்கு அடியில் முதுகைக் கொடுத்துத் தூக்கினார்கள். ஃபோர்மேனும் தூக்கினார். வாயிலிருந்து ரத்தம் வடிந்து சரளையில் விழுந்தது. நான் சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றினேன். விரல்நகம் ஒன்று பெயர்ந்தது.

உள்ளே அலறல் நின்றுவிட்டது.

"கலாஸ். முடிஞ்சுது," என்றான் ஒரு டிரைவர்.

கையிலிருந்த ஸ்பேனரால் அவன் தோளில் அடித்தேன். பிறகு விமானத்தின் தகரத்தைத் தட்டினேன்.

"எடேய். சத்தம் போடு."

மறுபடியும் தட்டினேன்.

"பூட்ஸ் எடுத்தியாடே?"

கேம்ப் கம்பிரசரை இழுத்துவந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தோம். இரண்டையும் பைலட் உதைத்துப் பார்த்தான். சரளை எங்கள் முகத்தில் அடிக்க, விமானம் ஓடி, மணல் வருமுன்பே எழும்பிவிட்டது.

அடுத்த முறை பைலட் சாமான் இறக்க வந்தான். நாங்கள் கேட்குமுன் தன் தொடையில் கையை வைத்து வெட்டிக் காட்டினான். பிறகு கட்டைவிரலை உயர்த்தினான்.

ஃபோர்மேன் அவனுக்கு டீ கொடுத்தார். சக்கரத்துப் பக்கம் போகவில்லை.